மங்களா மொபைல்ஸ்: ள போய்த் திரும்பி வந்த கதை

போன் விற்பது சுலபமான தொழில். விற்ற போனில் மச்சினிச்சி முகம் சரியாக விழவில்லை என்று மறுநாள் காலையில் வந்து நிற்பவரைச் சமாளிப்பதுதான் கஷ்டமான தொழில். இரண்டையும் ஒரே கடையில் நான் ஒருத்தியே செய்கிறேன். கல்லாவுக்குப் பின்னால் நின்று பிழைக்கும் என் இனத்தாரே, இதன் அருமை உங்களுக்குச் சொல்லாமலே தெரியும். மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

கேரள எல்லையில், வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்குப் போகிற வழியில், எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. பலகையில் மேலே மலையாளத்திலும் கீழே தமிழிலும் ‘மங்களா மொபைல்ஸ்’ என்று எழுதியிருக்கும். மங்களா நான்தான். வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போனால் திரும்பி வர நாளாகும். அதனால் நல்ல பெயர் வந்தாலும் கெட்ட பெயர் வந்தாலும் எனக்குத்தான்.

கடை திறந்த புதிதில், மொத்த வியாபாரியின் பேச்சை நம்பி ஒரு பெட்டி நிறைய மலிவுப் போன்களை இறக்கினேன். எல்லாவற்றிலும் ஃபிக்ஸட் போகஸ் கேமரா. அதாவது லென்ஸ் இருந்த இடத்தைவிட்டு நகராது. ஒரு கை நீளத்துக்கு அப்பால் இருப்பதெல்லாம், எதிர்வீட்டுத் தென்னை வரைக்கும், ஒன்றுபோலத் தெளிவாக விழும். அதற்கு உள்ளே வந்தால் மங்கிவிடும். ஆட்டோ போகஸ் என்றால் லென்ஸ் முன்னும் பின்னும் நகர்ந்து, கிட்டே இருப்பதையும் தேடிப் பிடிக்கும். விஷயம் இவ்வளவுதான். இந்த இவ்வளவைப் போனை விற்பதற்கு முன்னால் தெரிந்துகொண்டிருந்தால் எழுதுவதற்கு என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது.

கிட்டே போன சரோஜாக்கா

அந்தப் பெட்டியிலிருந்து முதல் போனை வாங்கியவர் சரோஜாக்கா. இரண்டு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். பால் சொசைட்டியில் ஆதார் அட்டையைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அக்காவும் அனுப்பினார். நம்பர் தெரியவில்லை என்று பதில் வந்தது. மறுபடியும் அனுப்பினார். இந்த முறை அட்டையே தெரியவில்லை என்று பதில் வந்தது.

காலைப் பால் ஊற்றிய கையோடு, தூக்குவாளியுடன் கடைக்கு வந்துவிட்டார். “கிட்டக்க வெச்சேன், மங்குச்சுங். செரின்னு இன்னும் கிட்டக்க வெச்சேன், இன்னும் மங்குச்சுங். மூக்கு இடிக்கற அளவுக்கு வெச்சுப் பாத்துட்டேன்” என்றார். கண் சரியாகத் தெரியாவிட்டால் யாராக இருந்தாலும் கிட்டே கொண்டுபோய்த்தானே பார்ப்பார்கள். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், லென்ஸைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன், ஒருமுறை அணைத்துப் போட்டேன். இவையெல்லாம் ஒன்றும் தெரியாதபோது நம் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. வாசலுக்குப் போய் நின்று, பலகையை நிமிர்ந்து பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “மங்கலா மொபைல்ஸ்னு பேருலயே எழுதிப் போட்டிருக்கறீங். நாந்தான் படிக்காம உள்ள வந்துட்டனுங்.”

புண்ணாக்கு பற்றி மாமனார்

சாயங்காலத்துக்குள் ஊருக்கே அந்தப் பெயர் பரவிவிட்டது. மங்கலா மொபைல்ஸ், மங்கல் கடை, மங்கலக்கா. மலையாளத்திலும் மங்கல் என்றால் மங்கல்தான் என்பதால், எல்லைக்கு எந்தப் பக்கம் ஓடினாலும் தப்பிக்க வழியில்லை. ஓர் எழுத்து மாறியதற்கு இவ்வளவா என்று நினைக்கிறீர்களா? அந்த ஓர் எழுத்தால் கடைக்கு ஆள் வருவது நின்றுபோனது. பெட்டியில் பாதிப் போன்கள் அப்படியே கிடந்தன. என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு கோழி, கொடி, துவைத்த துணி என்று கண்டதையெல்லாம் படம் பிடித்துக்கொண்டிருந்தார். விற்காத சரக்குக்கு அவர் ஒருவர்தான் ரசிகை.

மாமனார் அந்தக் காலத்திலிருந்து மாட்டு வியாபாரம் பார்த்தவர். இப்போதும் கிடாரி ஒன்று வாங்கி, வளர்த்து, விற்பார். அடுத்த தெருப் பழனிச்சாமி அண்ணனுக்குப் புண்ணாக்கு, தவிடு வைத்து விற்க ரோட்டோரமாக ஓர் அறை தேவைப்பட்டது. எங்கள் முன்னறை அவர் கண்ணில் பட்டுவிட்டது. ஆடி முடிவதற்குள் கடை நிமிரவில்லை என்றால் அறை பழனிச்சாமிக்கு என்று மாமனார் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொல்லிவிட்டார்.

நான் பயந்துபோனேன், ஒளிப்பானேன். கல்யாணத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை பார்த்தவள் நான். உட்கார நாற்காலி கிடையாது. ராத்திரி கால் மரத்துப்போகும். இந்த அறையில் எனக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது, அது என் நாற்காலி. அதை விட்டுக் கொடுக்க மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வாயால் “போன் நல்ல போன்தானுங் மாமா” என்று மட்டும் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “புண்ணாக்கக் கிட்டக்க வெச்சுப் பாத்தாலும் புண்ணாக்கு, எட்டக்க வெச்சுப் பாத்தாலும் புண்ணாக்கு. அந்த யோக்கிதை உன்ற போனுக்கு இருக்குதா அம்மணி?”

பூக்கார வள்ளியின் முழம்

அன்றிலிருந்து நான் போனும் கையுமாக உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தேன். தீப்பெட்டியை ஒரு சாண் தூரத்தில் வைத்து எடுத்தால் மங்கல். கை நீட்டித் தள்ளிப் பிடித்து எடுத்தால், அதிலிருந்த பொடி எழுத்துகூடத் தெளிவு. அப்புறம் விரலால் விரித்துப் பெரிதாக்கிக்கொண்டால் போதும். சரோஜாக்காவைக் கூப்பிட்டு ஆதார் அட்டையை இரண்டு முழம் தள்ளி வைத்து எடுக்கச் சொன்னேன். நம்பர் பளிச்சென்று வந்தது. சொசைட்டியிலும் வாங்கிக்கொண்டார்கள். எனக்குப் பஞ்சாயத்துத் தேர்தலில் ஜெயித்த மாதிரி இருந்தது.

அந்தத் தெம்பில் பஸ் ஸ்டாப்பில் பூ விற்கும் வள்ளிக்கு ஒரு போன் விற்றேன். திருப்பூரில் இருக்கும் மகனுக்கு மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். “ரெண்டு மொழம் தள்ளிப் புடிங்க, அவ்வளவுதான்” என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலையில் மல்லிகைக் கூடையோடு வந்து நின்றார். சீட்டு மங்கல்.

எப்படி அளந்தீர்கள், காட்டுங்கள் என்றேன். மேசைமேல் சீட்டை வைத்து, பூ அளக்கிற அதே கையால் இரண்டு முழம் அளந்தார். எந்த முழமும் முழங்கை வரைக்கும் போகவில்லை, பாதியிலேயே திரும்பிவிட்டது. நான் என் கையால் அளந்து காட்டினேன். அந்தத் தூரத்தில் மருந்தின் பெயர் தெளிவாக விழுந்தது. வள்ளி இரண்டு அளவையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்சமும் அசரவில்லை. “நான் அளந்தது யாவார மொழமுங். ஊட்டு மொழம்னா ஊட்டு மொழம்னு நீங்க மொதல்லயே சொல்லியிருக்கோணுமுங்.”

விலை ஏறிய ஒரே போன்

ஆளாளுக்கு வாயால் விளக்கித் தொண்டை கட்டியது. ஆகவே ஓர் அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டேன். இடப்பக்கம் ‘ஆட்டோ போகஸ் – கிட்டேயும் தெரியும்’. வலப்பக்கம் ‘ஃபிக்ஸட் போகஸ் – எட்ட வைத்தால் தெரியும்’. இரண்டுக்கும் கீழே விலை. மாற்றி விற்கக் கொஞ்சம் ஆட்டோ போகஸ் போன்களும் வாங்கி வைத்திருந்தேன்.

சந்தை நாளன்று மாட்டுத் தரகர் ஆறுச்சாமி அண்ணன் வந்தார். சந்தையில் கைமேல் துண்டைப் போட்டு, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர். விலை வெளியில் நிற்கும் யாருக்கும் தெரியாது. ஆட்டோ போகஸ் போனைக் காட்டி விலை கேட்டவர், பழக்கதோஷத்தில் துண்டை மேசைமேல் விரித்துவிட்டார். எதிரில் நிற்பது ஒரு பொம்பளை என்று நினைவு வந்ததும், அதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாயாலேயே பேரம் பேசினார். வெகுநேரம் பேசியும் படியவில்லை. மற்ற போன் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கோ அந்தப் பெட்டி காலியாக வேண்டும். “அண்ணா, இதைப் பாருங்க, போட்டிருக்கற வெலையில கொறைச்சே தாரேன்” என்று ஃபிக்ஸட் போனை முன்னால் தள்ளினேன். அவர் முகம் மாறிவிட்டது. ஊரில் ‘ஃபிக்ஸட் ரேட்’ என்று பலகை வைத்த கடையில் யாரும் பேரம் பேச மாட்டார்கள். என் அட்டையையும் அவர் அப்படித்தான் படித்திருக்கிறார்: இடப்பக்கம் பேரம் உண்டு, வலப்பக்கம் கிடையாது. நான் எவ்வளவோ விளக்கியும், குறைத்த விலையைத் தொட மாட்டேன் என்று எழுதியிருந்த விலையையே முழுதாகக் கொடுத்து அந்தப் போனை வாங்கிக்கொண்டு போனார். போகும்போது எனக்கொரு புத்தியும் சொன்னார்: “ஃபிக்ஸட்டுன்னு எழுதிப் போட்டுட்டு நீங்களே எறக்குனா, அப்பறம் அந்த எழுத்துக்கு என்னங் மருவாதி?”

ஸ்டாண்டிலிருந்து ஒரு கேள்வி

அட்டையின் வலப்பக்கம் அப்படி என்றால் இடப்பக்கம் மட்டும் சும்மா இருக்குமா? ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து கிருஷ்ணன் வந்தார். எடுத்த எடுப்பில் “ஒண்ணு குடுங்க, முன்னாடி மாட்டோணும்” என்றார். எதற்கு முன்னாடி என்றேன். ஆட்டோவுக்கு முன்னாடி என்றார். கோயில் விசேஷத்துக்குக் கட்டுகிற போகஸ் லைட்டை அவர் நினைத்திருக்கிறார். மழைக்காலத்தில் ரோடு தெரியவில்லையாம்.

இது போட்டோ எடுக்கிற போகஸ், கேமரா தானாகவே தேடிப் பிடிக்கும், அதற்குத்தான் ஆட்டோ என்று பெயர் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு போனும் வாங்கினார். நல்ல மனுஷன். ஆனால் மனத்தாங்கல் தீரவில்லை: “தானாப் போறதுக்கெல்லாம் ஆட்டோன்னு பேரு வெச்சிருக்கறாங்க. எங்க ஆட்டோ எந்தக் காலத்துலங்க தானாப் போயிருக்குது?”

சுழியும் மேகமும்

ஆறுச்சாமி அண்ணன் ஒரு சந்தை கழித்துத் திரும்பி வந்தார், முகம் கறுத்துப்போய். மலைமேலே காந்தலூரில் பூண்டு பயிரிடும் தங்கராஜ் என்பவருக்கு ஒரு நாட்டு மாடு பேசி வைத்திருக்கிறார். தங்கராஜுக்கு முதுகுச் சுழி பார்க்காமல் மாடு வாங்கும் பழக்கம் இல்லை. சுழி எங்கே விழுந்திருக்கிறது, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று மயிர் மயிராகப் பார்க்க வேண்டும். அண்ணன் போனைச் சுழிக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து எடுத்து அனுப்பியிருக்கிறார். என்ன வந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

என் முன்னாலேயே தங்கராஜைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போன தெக்கத்திக் குடும்பத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. “சுழியக் காட்டும்னா மேகத்த அனுப்பிருக்கீரு. மேகம் இங்க எங்க தோட்டத்துலயே கெடக்கு, எனக்கு எதுக்குவே?” என்றார். தரகருக்கு நாக்குதான் முதல். சுழியை மறைக்கிறான் என்று பெயர் வந்தால் அப்புறம் எவனும் அவரை நம்பி மாடு வாங்க மாட்டான். எனக்கும் அது புரிந்தது, ஏனென்றால் என் பெயரும் அதே போனில்தான் கெட்டுப் போயிருந்தது.

இரண்டு முழம் தள்ளி எடுத்துப் பெரிதாக்கினால் எழுத்து தெரியும். மாட்டு மயிர் தெரியாது. இது ஆட்டோ போகஸுக்கான வேலை. ஒன்றை எடுத்துக்கொண்டு அவரோடு சந்தைக்கே போனேன். போனைச் சுழிக்குக் கிட்டே பிடிக்கச் சொல்லி, “எது தெளியோணுமோ அதைத் தொடுங்க” என்றேன். திரையில் தொட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு, மறுகையின் ஆள்காட்டி விரலால் மாட்டின் சுழியைத் தொட்டார். மாடு உடம்பைச் சிலிர்த்து ஒரு திரும்பு திரும்பியது. வால் அவர் கன்னத்தில் பளாரென்று விழுந்தது. சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு நானே திரையைத் தொட்டு எடுத்தேன். சுழி, மயிர் மயிராக, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று குழந்தைக்கும் தெரியும்படி விழுந்தது. தங்கராஜ் பார்த்த உடனே மாட்டை ஏற்றி அனுப்பச் சொல்லிவிட்டார். சிரித்தவர்களில் நான்கைந்து பேர் அன்றே ஆட்டோ போகஸ் போன் கேட்டுக் கடைக்கு வந்தார்கள். ஆறுச்சாமி அண்ணன் மட்டும் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்: “தொடச் சொன்னீங், தொட்டனுங். இது போகஸுக்குத் தொடறதுன்னு மாட்டுக்கு யாருங் சொல்றது?”

யோசிக்கிற போன்

இதையெல்லாம் படித்துவிட்டு ஆட்டோ போகஸ்தான் உசத்தி என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நானும் அப்படி வந்துதான் மாட்டிக்கொண்டேன். செக்போஸ்ட் அருகே டீக்கடை வைத்திருக்கும் மணிகண்டனுக்கு, நல்லது செய்கிற நினைப்பில் ஆட்டோ போகஸ் போனை விற்றேன். அவர் மகளுக்கு அப்போதுதான் நடை வந்து, நடையை விட்டு ஓட்டம் வந்திருந்தது.

படங்களைக் கொண்டுவந்து காட்டினார். எல்லாவற்றிலும் சுவரில் தொங்கும் காலண்டர் அற்புதமாக விழுந்திருந்தது. பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஸ் நிறக் கலங்கல். லென்ஸ் முன்னே போய், பின்னே வந்து, தேடிப் பிடிப்பதற்குள் பிள்ளை அடுப்படிக்குப் போய்விடுகிறது. அகப்பட்டது காலண்டர்தான், அது ஓடாதே. பெட்டியிலிருந்து ஒரு ஃபிக்ஸட் போனை எடுத்துக் கொடுத்து, வெளிச்சத்தில் நாலடி தள்ளி நின்று எடுக்கச் சொன்னேன். அதற்குத் தேட வேண்டியது ஒன்றுமில்லை, அமுக்கியதும் எடுத்துவிடும். மறுநாள் வந்தார். பிள்ளை நாய்க்குப் பின்னால் ஓடுகிறது. இரண்டு காலும் தரையில் இல்லை. பல் இரண்டும் எண்ணிவிடலாம். மணிகண்டன் மனைவிக்கும் சேர்த்து இன்னொன்று வாங்கிக்கொண்டார். “புள்ளகுட்டி இருக்கற ஊட்டுக்கு யோசிக்காம எடுக்கற போனுதானுங் சரி. யோசிக்கறதுக்குத்தான் நாங்க இருக்கறமே.”

இரண்டு கிடாரி, ஒரு காது

ஆடி கடைசி வந்துவிட்டது. வியாபாரம் நிமிர்ந்திருந்தது என்றாலும் பெயர் நிமிரவில்லை. சுழியைக் காட்டிக்கொடுத்த பிறகும் நான் மங்கல் கடை அம்மணிதான். மாமனாரும் பேச்சை மாற்றவில்லை. பழனிச்சாமி அண்ணன் ஒருநாள் வந்து, என் மேசைக்கு மேலே மூட்டை எவ்வளவு உயரம் அடுக்கலாம் என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

அந்த வாரச் சந்தைக்கு மாமனார் தன் கிடாரியை ஓட்டிக்கொண்டு போனார். செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கம்பத்தில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தால், மீனாட்சிபுரம் பக்கத்து ஆள் ஒருவர் அதன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார், தன்னுடையது என்று. இவர் என்னுது என்கிறார், அவர் என்னுது என்கிறார். கூட்டம் கூடிவிட்டது. ஆறுச்சாமி அண்ணன் நடுவில் நின்றார். யாரோ வந்து எனக்குச் சொன்னார்கள். கடையைச் சாத்திவிட்டு ஓடினேன். அத்தையும் கையில் போனோடு என் பின்னாலேயே வந்தார்.

நாங்கள் போனபோது அந்த ஆள் தன் போனைக் காட்டிக்கொண்டிருந்தார். விலை உயர்ந்த போன். ஆட்டோ போகஸ், அதற்கு மேல் முகத்தை மட்டும் தெளிவாக வைத்துச் சுற்றியுள்ளதை எல்லாம் கரைத்துவிடுகிற வசதி. செவலைக் கிடாரி, நெற்றிச் சுட்டி, இமை மயிர்கூடத் தெரிகிறது. கூட்டம் அசந்துபோனது. “இதுக்கு மேல என்னங் வேணும்” என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். மாமனார், இத்தனை வருஷம் இதே சந்தையில் நின்றவர், அடுத்தவன் மாட்டைப் பிடித்த ஆளாக எல்லோர் முன்னாலும் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

“உங்ககிட்டப் போட்டோ கீட்டோ இருக்குதுங்களா?” என்று ஆறுச்சாமி அண்ணன் கேட்டார். மாமனார் இல்லையென்று தலையாட்டினார். அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் போனை நீட்டினார். கோழிக்கும் கொடிக்கும் நடுவில் அந்தப் படம் இருந்தது. வாசலில் கட்டியிருந்த கிடாரி அத்தையின் சேலைத் தலைப்பை எட்டிக் கடித்து இழுத்திருக்கிறது. அத்தை ஒரு கையால் தலைப்பை இழுத்துக்கொண்டே மறுகையால் அமுக்கியிருக்கிறார். கிடாரி நிற்கவில்லை, திரும்பியபடி இருக்கிறது. ஆனால் எல்லாம் தெளிவு. வாயில் சேலை, நெற்றியில் சுட்டி, வலது காது நுனியில் ஒரு பிளவு, பின்னால் எங்கள் கடைப் பலகை, அதற்கும் பின்னால் எங்கள் கொல்லைத் தென்னை. கிட்டேயிருப்பது எட்டேயிருப்பது என்று பாரபட்சம் பார்க்கத் தெரியாத கேமரா ஆயிற்றே.

ஆறுச்சாமி அண்ணன் படத்தை விரலால் விரித்தார். “மங்களா மொபைல்ஸ்” என்று உரக்கப் படித்தார். பிறகு கம்பத்தில் நிற்கும் கிடாரியின் வலது காதைப் பிடித்துப் பார்த்தார். பிளவு இருந்தது. அந்த ஆளின் போனை வாங்கி அதிலும் காதைத் தேடினார். கண் இருந்தது, சுட்டி இருந்தது; காது இரண்டும் பின்னால் இருந்த மண்ணோடு சேர்ந்து புகையாகக் கரைந்திருந்தன. முகத்தை அழகாக்குகிற அவசரத்தில் அந்தப் போன் காதை அழித்துவிட்டது. அந்த ஆள் பொய் சொல்கிறவர் அல்ல. படத்தையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சந்தைக்குள் தேடிப் போனார். அவருடைய கிடாரி லாரி நிற்கிற பக்கம், இன்னொரு கம்பத்தில், இரண்டு காதும் முழுசாக நின்றுகொண்டிருந்தது. அவரே அதைப் பிடித்துக்கொண்டு வந்து, மாமனாரின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

மாமனார் மன்னித்துவிட்டார். ஆனால் சும்மா விடவில்லை. அத்தையின் கையிலிருந்த போனை வாங்கி, கூட்டத்தில் ஒருவர் விடாமல் காட்டிக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் ஒரே வாசகம்தான்: “மங்கலுங்கறது அவரு போனு. என்ற மருமவ விக்கறது மங்களா. ள எப்படி உளுந்திருக்குது, கிட்ட வந்து பாருங்.”

அளக்க வந்தவர்

அன்று சாயங்காலமே ஊரில் ல போய் ள வந்துவிட்டது. பஸ் ஸ்டாப்பில் வள்ளி யாருக்கோ வழி சொல்லும்போது, நாக்கை மடித்து, அழுத்தம் கொடுத்து, “மங்கள்ளா மொபைல்ஸ்” என்று சொன்னது என் காதில் விழுந்தது. பெட்டியில் மிச்சமிருந்த போன்கள் அடுத்த சந்தையிலேயே தீர்ந்தன. மாட்டுக்காரர்கள் இப்போது போனை இப்படித்தான் கேட்கிறார்கள்: சுழிக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. ஆட்டோ, ஃபிக்ஸட் என்று நான் எழுதிய அட்டையைக் கழற்றிவிட்டு, ‘சுழி போன், காது போன்’ என்று புதிதாக எழுதி மாட்டினேன். அதற்குப் பிறகு விளக்கம் கேட்டு யாரும் வரவில்லை.

ஆடி முடிந்த மறுநாள் பழனிச்சாமி அண்ணன் அளவு டேப்போடு வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. சம்பந்தி வீட்டுக் காரியமாக வெளியூர் போயிருந்தாராம். நான் எழுந்திருப்பதற்குள் மாமனார் உள்ளேயிருந்து வந்து, என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். “பழனிச்சாமி, புண்ணாக்கக் கிட்டக்க எடுப்பீங்களா, எட்டக்க எடுப்பீங்களா?” என்று கேட்டார். அவர் விழித்தார். மூட்டையில் இருக்கும் பெயர் மட்டும் தெரிந்தால் போதுமென்றால் காது போன், புண்ணாக்கில் கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் சுழி போன் என்று மாமனாரே ஆரம்பித்து, இரண்டையும் மேசைமேல் வைத்து, யாவார முழம் எது, வீட்டு முழம் எது என்பது வரைக்கும் கையால் அளந்து காட்டினார். எனக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. நான் என் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தேன். பழனிச்சாமி அண்ணன் ஒரு கையில் டேப்பும் மறு கையில் சுழி போனுமாகப் படி இறங்கும்போது சொன்னார்: “ரூம அளக்கலாம்னு வந்தனுங். என்னைய அளந்துட்டாங்க.”

கிட்டே வைத்துப் பார்த்தால் மங்கலாகத் தெரிவதை எல்லாம் இரண்டு முழம் தள்ளி வைத்துப் பார்த்தால் தெளிந்துவிடும் என்று இந்தத் தொழில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது, என் மாமனாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஆனால் வீட்டு முழமாக இருக்க வேண்டும்.